எந்தக் காளை?

காளை விந்து வங்கியின் டாக்டர், போனில் ஒரு பால்பண்ணைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“சினை பிடிக்கலைன்னா உடனே பசுவைக் குறை சொல்றதா? முதல்ல உங்க காளையை டெஸ்ட் பண்ணுங்க. பார்க்க வாட்டசாட்டமா இருந்தா மட்டும் போதுமா? விந்தணுவுல இருக்கற என்சைம் வேலை செஞ்சாத்தான் அது முட்டையைத் துளைச்சு உள்ளே போகும். இதுகூடத் தெரியாம என்னய்யா பண்ணை நடத்தறீங்க?”

போனை வைத்ததும் அவருடைய அம்மா அழைத்தாள்.

“சரிம்மா, அவளை வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எனக்கா? எனக்கு எதுக்கும்மா டெஸ்ட்? எனக்கென்ன குறைச்சல்?”

பக்கத்து மேஜையில் வேலை செய்துகொண்டிருந்த லேப் டெக்னீஷியன் எழுந்து வந்து ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டினாள்.

“சார், காலையில வந்த சாம்பிள். என்சைம் டெஸ்ட் போட்டிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க.”

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்சைம் வேலை செய்திருந்தால் மஞ்சளாக மாறியிருக்க வேண்டியது, தண்ணீர் மாதிரி நிறமில்லாமலே இருந்தது.

“இன்னொரு தடவை போட்டுப் பார்த்தியா?”

“பார்த்துட்டேன் சார். அப்பவும் இப்படித்தான்.”

“அப்போ சுத்த வேஸ்ட். இதுக்குத் தீனி போடறதே தண்டம். தயவு தாட்சண்யம் பார்க்காம இன்னைக்கே கழிச்சுக் கட்டு. எந்தக் காளை இது?”

அவள் கையுறைகளை நிதானமாகக் கழற்றினாள். ஆபீசில் ‘சார்’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அழைக்காதவள், முதல்முறையாக வீட்டுக் குரலில் பேசினாள்.

“நம்ம வீட்டுதுதாங்க. அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”