முன்சீட்டு

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே, ஒரு பழைய காரின் கதை சொல்கிறேன். வயதாகி ஞாபகம் அழிந்த பிறகும் தனிஸ்லாஸ் தினமும் காலையில் அந்தக் காரைக் கிளப்பி, இஞ்சின் சூடாகும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். இன்றாவது தன்னை அடையாளம் காணமாட்டாரா என்று மனைவி எமரன்சி முன்கதவைத் திறந்தாள்.

"பின்னால உக்காருங்கம்மா. இது எம் பொஞ்சாதி இடம். சீலை கட்டிட்டு இருக்கா. அவ என்னைக்கு நேரத்துக்கு வந்தா?"

எமரன்சி பின்னால் ஏறிக்கொண்டாள். இஞ்சின் சூடேறியும், கிளப்பும்போது கூடுதல் பெட்ரோல் வர இழுத்த சோக் பிடியை அவர் உள்ளே தள்ளவில்லை. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது.

"சோக்கைத் தள்ளுங்க. வண்டிக்கு மூச்சு முட்டுது."

அவர் கண்ணாடியில் அவளையே பார்த்தார்.

"அவளும் இப்படித்தாம்மா சொல்லுவா. இன்னும் கொஞ்சம் பாப்போம், வந்திருவா."

உங்கள் வீடுகளில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்கட்டும்.