டீச்சருடைய கண்

"ஆளுக்கு ஒரு அடி வரிசையா வாசிங்க. உச்சரிப்பு எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார் செபாஸ்தியம்மாள் டீச்சர்.

இஞ்ஞாசியம்மாள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வெறித்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்த விஷயம் கோயில் பாட்டுக்குழுவில் ஒருத்திக்கும் தெரியாது.

லத்தீனில் பூசை நடந்தவரை கவலை இல்லை. அந்தப் பாஷை யாருக்குமே புரியாது. டீச்சர் பாடுவார், மற்றவர்கள் கேட்டுப் பாடுவார்கள். அதில் இஞ்ஞாசியம்மாள்தான் கெட்டிக்காரி. இப்போது பூசை தமிழுக்கு மாறிவிட்டது. நல்ல காரியம்தான். கூடவே அச்சடித்த பாட்டுப் புத்தகமும் வந்து தொலைத்தது.

வாரம் பூராவும் நூல் மில் இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூரிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து பாடுகிற நேரம்தான் அவளுக்கு உசிர். அதுவும் இன்றோடு போச்சு என்று நினைத்தாள்.

சகாயராணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவள். கடகடவென்று வாசித்தாள். அடுத்தவளும் வாசித்தாள். எல்லாரும் தாளைத் திருப்புவதைப் பார்த்து, இஞ்ஞாசியம்மாள் அவசரமாகத் தானும் திருப்பினாள். டீச்சர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்தது அவள் முறை. புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

டீச்சர் கண்ணைக் கசக்கினார். "போதும், புத்தகத்தை மூடுங்க. எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பாட்டு மனப்பாடமா இருக்கு, நான் பாடுறேன். பழையபடி கேட்டே பாடுங்க."

திருவிழாவுக்கு மூன்றே வாரம். சகாயராணிக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா, நாங்களும் கண்ணை மூடிக்கணுமா டீச்சர்?"

டீச்சர் புத்தகங்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வயசாயிருச்சு, பொறுப்பை வேறு ஆளிடம் விடலாமே என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தர் கண் கெட்டதில் நாம் பிழைத்தோமே என்று இஞ்ஞாசியம்மாளுக்குக் குறுகுறுத்தது.

ஒவ்வொரு அடியாக டீச்சர் பாடினார். பார்க்கப் புத்தகம் இல்லாததால், பக்கத்தில் இருப்பவள் குரலைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். முதல் வாரம் சந்தை இரைச்சல். அடுத்த வாரம் குரல்கள் ஒன்றை ஒன்று தேட ஆரம்பித்தன. முணுமுணுத்தவர்கள் வீட்டுக்குப் போக மறந்தார்கள்.

திருவிழாவன்று பாட்டு ஒரே குரலாக எழுந்தது. சகாயராணியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் இஞ்ஞாசியம்மாள் லூசியம்மாள் சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். கண் நோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனிதையின் சிலை அது. வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரை வந்த டீச்சரிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"ஒங்க கண்ணு தெளியணும்னு வேண்டிக்கிட்டேன் டீச்சர்."

டீச்சர் சிரித்தார்.

தெருக்கோடியில் பொட்டுப்போல ஒரு பஸ் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. எது நம்ம ஊர் பஸ் என்று வழக்கம்போல யாரிடமாவது விசாரிக்க இஞ்ஞாசியம்மாள் திரும்பினாள்.

டீச்சர் அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"முன்னால வர்றது பழனி போறது தாயி. பின்னால வருது பாரு, அதுலதான் வேடசந்தூர்னு போட்டிருக்கு."