ஒரே கிண்ணத்துச் சோறு

"என் அப்பன் நிலத்தைப் பிடுங்கி மரவள்ளி நட்ட கை இது! இந்தக் கையோட ஒரே கிண்ணத்துல நான் சோறு திங்கணுமா?"

கொர்ப்போ அம்மாள் போட்ட கூச்சலில் பஞ்சாயத்துக் குடிசையின் கூரையிலிருந்த கோழி குதித்து ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த ஃப்ளோமோ கிழவர் சும்மா இருப்பாரா? "சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடினியே, நிலத்தையும் சுருட்டி மூட்டையில கட்டிக்கிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே!" என்றார்.

இருவருக்கும் நடுவில் பெரிய கிண்ணம் நிறையச் சோறும் மரவள்ளி இலைக் குழம்பும். பகையாளிகள் இருவரும் அதில் கை வைத்துச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டால் வழக்கு முடிந்தது. இந்த லோஃபா மாவட்டத்தில் அதற்கு மேல் கையெழுத்து, சாட்சி எதுவும் கேட்க மாட்டார்கள்.

முட்டிண்டாவுக்குத் தலை வலித்தது. சாம்பியாவிலிருந்து தொண்டராக வந்த நாள் முதல் மாதம் தவறாமல் இந்த ஊருக்கு வருகிறாள். மாதம் தவறாமல் இதே கூச்சல். நாளை மறுநாள் அவளுக்கு விமானம். போர் முடிந்த நாட்டில் சமாதானம் செய்து வைக்க வந்தவள், ஒரே ஒரு சண்டையையாவது தீர்த்துவிட்டுப் போகக் கூடாதா?

"கொர்ப்போ அம்மா, பக்கத்து ஊரைப் பாருங்க. எல்லாரும் ராசியாயிட்டாங்க. எங்க ஜீப் அந்தப் பக்கம் போயே ரெண்டு மழைக்காலம் ஆச்சு!"

"தெரியும் மகளே" என்றாள் கொர்ப்போ. குரல் ஏனோ இறங்கியிருந்தது.

முட்டிண்டா சட்டென்று மண்டியிட்டு அவள் காலைப் பிடித்தாள். இந்த ஊர்க்காரர்கள் கெஞ்சுவது அப்படித்தான். பிடித்தவரை உதற யாருக்கும் மனம் வராது. கொர்ப்போவின் கண் கலங்கியது. கை மெல்லக் கிண்ணத்தை நோக்கி நீண்டது.

"பாத்தீங்களா! ரோஷமெல்லாம் வாயில மட்டும்தான். சோத்தைக் கண்டதும் கை நீளுது!" என்றார் ஃப்ளோமோ.

நீண்ட கை திரும்பிவிட்டது. முட்டிண்டாவுக்குக் கிழவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

அதற்குக்கூட இனித் தெம்பில்லை. எழுந்து முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள். "என்னால முடியல அம்மா. எனக்குப் பதிலா வேற ஆள் வருவாங்க. நீங்க ராசியாகிற வரைக்கும் மாசாமாசம் வருவாங்க."

ஜீப்பின் பின்னிருக்கையில், வழக்கம்போல, நிறைமாதக்காரி ஒருத்தி பாயும் மூட்டையுமாக ஏறி உட்கார்ந்திருந்தாள். போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி; இந்த ஊருக்கு வேறு வண்டி வராது. முட்டிண்டா தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

மரப்பாலம் தாண்டி ஜீப் மறைந்தது. புழுதி அடங்கும்வரை குடிசையில் யாரும் அசையவில்லை. பிறகு கொர்ப்போ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை ஃப்ளோமோ பக்கம் தள்ளினாள். "சாப்பிடுண்ணே. பாவம் அந்தப் பொண்ணு, இன்னிக்கு என்னைக் கவுத்திருப்பா."

ஃப்ளோமோ அவள் கைக்குப் பக்கத்திலேயே கை வைத்துச் சோற்றை உருட்டினார்.

"அடுத்த மாசம் இன்னும் நல்லாத் திட்டு தாயி. என் மருமகளுக்கு அப்பத்தான் நாள்."