மனிதக் கண்

ஸ்கேன் கருவிகள் தாமே பார்த்துத் தாமே சொல்லத் தொடங்கியதும் அந்த வேலையை இழந்த முப்பது பேர், மருத்துவமனை வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பந்தலில் ‘மனிதக் கண் வேண்டும்’ என்று எழுதியிருந்தது. பத்தாம் நாள் சங்கத் தலைவர் ஞானசிகாமணி ரத்த வாந்தி எடுத்தார்.

அவசரப் பிரிவில் அவர் அடம்பிடித்தார். “மெஷின் சொல்ல வேணாம். தோழர் மரகதம் பார்த்துச் சொல்லட்டும்.”

பந்தலில் பத்து நாளாகப் பட்டினி கிடந்து, அவரோடு உள்ளே வந்த மரகதத்துக்குப் பெருமையாக இருந்தது. ஸ்கேன் கருவியின் குரலை அணைத்துவிட்டு, படுக்கையருகே நின்று அதை அவர் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். திரையில் ரத்தத்தோடு செரிக்காத சோறும் தெரிந்தது.

“பத்து நாள் பட்டினி, வயிறு காலிதானே?” என்றார் டாக்டர், கையுறை மாட்டியபடி. “மயக்க மருந்து கொடுக்கணும். உள்ள சாப்பாடு இருந்தா மூச்சுக்குழாய்ல ஏறி ஆளே போயிடுவார்.”

ஞானசிகாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “காலின்னு சொல்லுங்க தோழர்,” என்று முணுமுணுத்தார். “வெளியில அத்தனை பேரும் பட்டினி கிடக்கிறாங்க.”

அவர் எதற்காக மனிதக் கண் கேட்டார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“சோறு இருக்கு டாக்டர்,” என்றாள். “இன்னிக்குச் சாப்பிட்டது.”

ஞானசிகாமணி அவள் கையை விட்டார். பத்து நாளில் முதல்முறையாக மரகதத்துக்குப் பசித்தது.