ஒரு மிடறு

"ஓக் பீப்பாயில ஒரு வருஷம் இருந்துச்சுன்னு சொன்னீங்க. அந்தக் கோடுகளைப் பார்த்தா ஒரு வருஷம் தேறாது போலிருக்கே?"

ஒயின் வாங்க வந்திருந்த ஓட்டல்காரர் நிலவறைக் கதவு நிலையைக் காட்டினார். அதில் வரிசையாகச் சாக்பீஸ் கோடுகள்.

"அது பீப்பாய்க் கணக்கு இல்ல சார்," என்றாள் அவள் அவசரமாக. "அது வீட்டுக் கணக்கு. பீப்பாய் மேலயே தேதி எழுதியிருக்கு, பாருங்க."

அவர் பீப்பாயைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.  அந்த நிலவறையில் இருந்தது மூன்றே பீப்பாய் வெள்ளை ஒயின். மூன்றையும் இவர் எடுத்துக்கொண்டால் திராட்சைத் தோட்டம் தங்கும். இல்லாவிட்டால் அடுத்த அறுவடையை வேறு யாராவது பறிப்பார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் கையை விரித்துவிட்டார்கள்.

அவள் கணவன் கண்ணாடிக் குழாயால் பீப்பாயிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து ஊற்றினான். ஓட்டல்காரர் கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மோந்தார், ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து வாளியில் துப்பினார். ருசி பார்ப்பவர்கள் எல்லாருமே துப்புகிறவர்கள்தான். ஒரு நாளைக்கு நாலு ஒயின் ஆலை ஏறி இறங்குகிற மனிதர் எல்லாவற்றையும் விழுங்கினால் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர முடியாது.

"மர வாசனை தூக்கலா இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு பழக்கம். செஞ்சவர் என் எதிர்ல ஒரு கிளாஸ் முழுசா குடிக்கணும். துப்பக் கூடாது. அப்புறம்தான் கையெழுத்து."

கணவன் கோப்பையை வாங்கிக்கொண்டு சும்மா நின்றான்.

"அவருக்குக் காலையிலேருந்து வயிறு சரியில்ல சார். நான் குடிக்கிறேனே," என்றாள்.

"செஞ்சது நீங்களா?"

"கூடமாட நானும்தான்..."

"செஞ்சவரே குடிக்கட்டும்மா. எத்தனையோ ஆலை பார்த்துட்டேன். சொந்தச் சரக்கை விழுங்கப் பயப்படறவங்ககிட்ட ஏதோ ஒரு கோளாறு இருக்கும்."

"ஒயின்ல ஒரு கோளாறும் இல்ல," என்றான் கணவன்.  "என் கையால செஞ்சதிலேயே நல்லது இதுதான் சார்."

"அப்ப என்னப்பா தயக்கம்?"

கோப்பை அவன் மூக்கருகே போனது. கண்ணை மூடிக்கொண்டான். அவள் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும், அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் எடுத்தான். கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. வழக்கமாக நாலு நொடிதான் வைத்திருப்பான். இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. 

அவன் குனிந்தான். வாளியில் சளக்கென்று விழுந்தது. கோப்பையில் மிச்சமிருந்ததையும் அதிலேயே கவிழ்த்தான்.

ஓட்டல்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நீங்களே விழுங்காததை என் விருந்தாளிங்களுக்கு எப்படி ஊத்துவேன்? வர்றேம்மா."

விறுவிறுவென்று படியேறிப் போனார். மேலே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கணவன் பீப்பாய் ஓரமாக உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். 

"போச்சு. கடைசி ஆளையும் நானே துரத்திட்டேன். கோபமா இருக்கா?"

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸைத் தேடி எடுத்தாள். கதவு நிலைக்குப் போய், கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றை அழுத்தி இழுத்தாள்.

"இருநூத்திப் பதினாலுங்க," என்றாள்.

குடியை விடுவதற்கான சிகிச்சை முடிந்து அவன் வீடு திரும்பிய நாளிலிருந்து, ஒரு சொட்டும் அவன் தொண்டையில் இறங்காத ஒவ்வொரு நாளுக்கும் அவள் போட்டுவரும் கோடு அது.