சாக்குப் படுதாவும் ரஷ்ய ஆட்டக்காரனும்

“நம்ம டீம் பையலுவ முன்னால இதை வாசிச்சுக் காட்டுவியாட்டி?” நேற்று நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு அண்ணன் கேட்டான். தலையாட்டினேன். இப்போது சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம், தீக்குச்சி அடுக்கும் சட்டங்களுக்கு நடுவே, தமிழில் வரும் ரஷ்யப் பத்திரிகையின் வழவழப்பான தாளோடு நிற்கிறேன். படுதாவுக்குக் கீழே கரிசல் புழுதி படிந்த வெறுங்கால்களும் ஹாக்கி மட்டைகளின் நுனிகளும் தெரிகின்றன. “இந்த ரஷ்யாக்காரன் உறைஞ்ச குளத்துல, வளைஞ்ச கொம்பை வச்சு ஆடிப் பழகுனவன்லே. பொறவு மில்லு டீமு, பொறவு தேசத்துக்கே கேப்டன்,” என்கிறான் அண்ணன். “தண்ணி மேல ஹாக்கியா? புளுகாதலே,” என்று டீமில் ஒருவனான பூவனலிங்கம் சிரிக்கிறான். அண்ணன் உட்பட அவர்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. “ஏட்டி ராதாமணி, வாசி. நான் புளுகுதேனான்னு கேக்கட்டும்.” சாக்கின் ஓட்டைகள் வழியே சாயங்கால வெயில் தாளில் புள்ளி புள்ளியாக விழுகிறது. குளம், கொம்பு, கேப்டன் எல்லாம் அண்ணன் சொன்னபடியே அச்சில் இருக்கின்றன. படத்தில் அந்த ரஷ்யன் முன்பல் இல்லாமல் சிரிக்கிறான். பெரியவளாகிப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அயல் ஆண்கள் காதில் என் குரல் விழுந்ததில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. “என்னலே, ஒன் ரஷ்யாக்காரன் ஊமையா?” என்கிறான் பூவனலிங்கம். எல்லாரும் சிரிக்கிறார்கள். கால்கள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டுகின்றன. அண்ணனின் கால்கள் மட்டும் நிற்கின்றன. படுதாவின் ஓரத்தில் அவன் கை உள்ளே நீள்கிறது. தாளைக் கொடுக்கிறேன். அதை அவன் நான்காக மடிக்கும் சத்தம் கேட்கிறது. அந்தக் கால்களும் போகின்றன.