படிக்கட்டில் ஒரு கூச்சல்

"ஏய் மூணாம் மாடி! வெளிய வாடி!"

வீட்டுக்காரர் மனைவி படிக்கட்டில் நின்று போட்ட கூச்சலில் எல்லா மாடிக் கதவுகளும் திறந்துகொண்டன. குடியிருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சைரன். அன்று அந்தப் பெயருக்குக் குறைவில்லாமல் அலறினாள்.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாடகையை ஒன்றரை மடங்காக ஏற்றிய நோட்டீஸ் காலையில்தான் கதவிடுக்கில் கிடந்தது. அதையே இன்னும் ஜீரணிக்கவில்லை.

"சுகாதார ஆபீசுக்குப் புகார் எழுதினவ நீதானே? சுவரெல்லாம் பூஞ்சை, குழந்தைக்கு இருமல்னு சொல்லி எங்க வீட்டுக்காரரை ஆபீசர் முன்னாடி கைகட்டி நிக்க வச்சவ நீதானே? அதுக்குத்தான்டி வாடகையை ஏத்தியிருக்கு! நாளைக்கு வேற யார் புகார் கொடுத்தாலும் இதே கதிதான். எல்லாரும் கேட்டுக்குங்க!"

"அக்கா, மெதுவா... உள்ள வந்து பேசுங்களேன்."

"உள்ள வந்து என்னடி பேச்சு? ஊருக்கே கேக்கட்டும்!"

கீழ் வீட்டுத் தையல்காரர் வாயில் கவ்விய ஊசியோடு அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டு நர்ஸ் அக்கா பாதி பின்னலோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கத்தித் தீர்த்துவிட்டு, மூச்சு வாங்க இறங்கி இரண்டாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள் சைரன்.

"இவ நாக்கை என் மெஷின்ல கொடுத்து ஒரு ஓட்டு ஓட்டணும் தங்கச்சி," என்றார் தையல்காரர்.

என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பேசாம காலி பண்ணிடுவோம். தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு முதலையைப் பகைச்சுக்க முடியுமா?"

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போறது?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"சண்டை போடுவோம்."

சொன்னது நான்தானா? எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வாடகைத் தீர்ப்பாயத்தின் உதவி மேசையில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "புகார் கொடுத்ததுக்குப் பழிவாங்க வாடகையை ஏத்தினா அது செல்லாதும்மா. தைரியமா மனு போடுங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் பழைய வாடகையைத் தவறாம கட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. 'விலைவாசி ஏறிப்போச்சு, அதான் ஏத்தினேன்'னு அவர் சாதிப்பார். புகாருக்காகத்தான்னு அவங்க பக்கத்துல யாராவது வாய்விட்டுச் சொன்னாங்களா? அதைக் கேட்ட சாட்சி உண்டா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன எனக்கு.

"மேடம், மொத்தக் கட்டடமும் கேட்டிருக்கு!"

விசாரணை நாள் வந்தது. வீட்டுக்காரர் வக்கீலோடு ஜம்மென்று வந்து உட்கார்ந்தார். பின் வரிசையில் சைரன்.

"புகார் கொடுத்தது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றார் வீட்டுக்காரர் பவ்யமாக. "விலைவாசி ஏறுது, வாடகையும் ஏறுது. இதுல பழி எங்க வந்துச்சு?"

தையல்காரர் எழுந்து படிக்கட்டில் கேட்டதைச் சொன்னார். நர்ஸ் அக்காவும் சொன்னாள்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "எல்லாரும் ஒரே கட்டடத்துல குடியிருக்கிறவங்க! கூட்டுச் சேர்ந்து ஜோடிச்ச கதை!"

தீர்ப்பாயத் தலைவர் பின் வரிசையில் இருந்த சைரனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அப்படிப் பேசினீங்களா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாதக் கடைசியில் நாங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சைரன் எழுந்து சேலையை உதறிச் சொருகிக்கொண்டாள்.

"பேசினேன்! எனக்கென்ன பயமா? இவர் வீட்டுல சொன்னதைத்தானே சொன்னேன்! 'புகாரா கொடுக்கிறா? வாடகையை ஏத்தி அவளைத் துரத்துறேன் பாரு'ன்னு சொன்னீங்களா இல்லையா? என்னை எதுக்கு முறைக்கிறீங்க?"

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வாடகை உயர்வு ரத்து. பழைய வாடகையே தொடரும். சுவரை உடனே சரிசெய்து தர வேண்டும். என் கணவர் தையல்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நர்ஸ் அக்கா விசில் அடித்து, காவலரிடம் திட்டு வாங்கினாள்.

"உன் வாயால கெட்டேன்டி!" என்று வீட்டுக்காரர் வராந்தா அதிரக் கத்திவிட்டுப் போனார்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார் தையல்காரர், அந்தரத்தில் தொங்கியபடியே.

குழந்தைக்கு ஈரத்துணி மாற்றப் பெண்கள் அறைக்குப் போனேன். பின்னாலேயே சைரன் வந்தாள். ஜெயித்த குஷியில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. உங்க வாய் புண்ணியத்துலதான் நாங்க பிழைச்சோம்!"

அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, குழந்தையின் பாதத்தை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரியெல்லாம் இது இருமுறது எங்க வீடு வரைக்கும் கேக்கும்," என்றாள். அவளுக்கு இவ்வளவு தாழ்ந்த குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. "நோட்டீஸ் போட்ட அன்னைக்கு வக்கீல் வீட்டுக்கு வந்து, 'என்ன ஆனாலும் காரணத்தை மட்டும் யார் காதுலயும் போட்டுடாதீங்க, போட்டா நீங்க தோத்தீங்க'ன்னு இவருக்குப் புத்தி சொன்னாரு. ரெண்டு பேரும் கிளம்பிப் போன கார் தெருமுனை திரும்புற வரைக்கும் காத்திருந்துதான், நான் உன் மாடிப்படி ஏறினேன்."